கத்தரிப்பூ நிறச் சீருடை

வெள்ளவத்தையில் படைவீரர்களுக்கு உடுப்புப் போட்டுவிடுவதில் என்னை மிஞ்ச ஆள் இருக்கவில்லை. இதைத் தற்பெருமை என்று யாரும் எடுக்கவேண்டாம். அந்த வேலையை என்னைத் தவிர வேறு எவரும் செய்யவும் இல்லை.

கொழும்பின் காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் என் அண்ணா கேம் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்கவேண்டாம். சுவரோரமாக ஐந்து கொம்பியூட்டர்கள், பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மேசை, மேசையின் மேல் கண்ணாடி, வாசலில் செருப்புக் குவியல். கடலோர ரயில் போகும்போது மொனிட்டர்கள் எல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கும். மேல்மாடியில் அம்மாவும் அண்ணாவும் நானும் இருந்தோம். அப்பா கட்டாரில் வேலை. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து சண்டை மறுபடி பிடித்திருந்தது. நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பம்பலப்பிட்டியில் கிராபிக் டிசைன் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வகுப்பில் படித்ததை வீட்டில் எதன்மேலாவது பரீட்சித்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும்.

கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து விளையாடியது ஒரே விளையாட்டைத்தான். உங்களிடம் ஒரு படைப்பிரிவு இருக்கும். வானத்தில் இருந்து இறங்கும் பெரிய தலைப் பிராணிகளிடம் இருந்து அவர்கள் பூமியைக் காப்பாற்றவேண்டும். தடதடவென்று சுடும் விளையாட்டு அல்ல அது. ஒருவன் எங்கே நிற்கவேண்டும், யார் முன்னால் போகவேண்டும், யார் பின்னால் நின்று காவல் பார்க்கவேண்டும் என்று யோசித்து, முறைவைத்து, ஒவ்வொருவராக நகர்த்தவேண்டும். செத்தவன் செத்தவன்தான். அவன் திரும்பி வரமாட்டான்.

எனக்கு விளையாட்டில் அக்கறை இருக்கவில்லை. அந்தப் படைவீரர்களைப் பார்க்கத்தான் எரிச்சல் வந்தது. அத்தனை பேரும் மஞ்சள் மயிர், நீலக் கண், பெட்டி போன்ற நாடி. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் நெருங்கியடித்துக்கொண்டு இருக்கிற நாங்கள் ஏன் இவன்களுக்காகக் கவலைப்படவேண்டும்? ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் நான் விளையாட்டின் கோப்புகளைக் கிண்டினேன். ஒவ்வொரு முகமும் ஒரு சின்னப் படக்கோப்பு. ஒவ்வொரு உடுப்பும் இன்னொரு படக்கோப்பு. முகத்தை மாற்றி அதே பெயரில் வைத்தால் விளையாட்டு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் அண்ணாவைத்தான் போட்டேன். அண்ணா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. யாராவது சத்தம் போட்டால் கதவைச் சாத்துவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் திரையில், படை வந்திறங்கும் வாகனத்தின் கதவு திறந்து தானே துவக்கோடு இறங்கி வருவதைக் கண்டதும் கதிரையை விட்டெழும்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா படியிறங்கி வந்து, கண்ணாடியைப் போட்டு, மொனிட்டருக்குக் கிட்டக் குனிந்து பார்த்தா.

“உன்ர கண் ஏன் இப்பிடி வீங்கிக் கிடக்கு? இரவில நித்திரை கொள்ளுறேல்லையோ?” என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டா.

அந்த வாரமே கடைக்கு வருகிற எல்லோருக்கும் தங்கள் முகம் வேண்டும் என்றாகிவிட்டது. இதிலே ஒரு வசதி இருந்தது. கொழும்பில் தமிழனின் பர்சுக்குள் வேறு என்ன இல்லாவிட்டாலும் பாஸ்போட் சைஸ் படம் இருக்கும். பொலிஸ் பதிவுக்கு ஒன்று, அடையாள அட்டை தொலைந்தால் புதிதாக எடுக்க ஒன்று, எந்த வாசலில் எவன் கேட்பானோ என்று இன்னும் இரண்டு. நான் கை நீட்டினால் போதும், ஆளாளுக்கு உருவித் தருவார்கள். தாள் உறை பிரிக்காத புதுப்படங்கள்.

பக்கத்துப் பகுதியான பாமன்கடையில் இருந்து சைக்கிளில் வருகிற ஒரு சிங்களப் பெடியன் இருந்தான். கம்பஸில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அண்ணாவை அய்யே என்றும் என்னை நங்கி என்றும், அண்ணன் தங்கை முறை வைத்துக் கூப்பிடுவான். அவனிடம் மட்டும் படம் இருக்கவில்லை.

“உங்கள் எல்லோரிடமும் எப்படி எப்போதும் படம் இருக்கிறது?” என்று சிங்களத்தில் கேட்டான். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அண்ணா சிரித்துவிட்டு, “எங்களுக்கு எங்கட முகத்தில அவ்வளவு விருப்பம்,” என்றார். அடுத்த நாள் அவன் ஸ்டூடியோவுக்குப் போய், ரை கட்டி, பவுடர் பூசிப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். கடையே விழுந்து சிரித்தது.

என் கடைச்சட்டம் கடுமையானது. முகத்தில் நான் கை வைக்கமாட்டேன். துணிக்கடைக்காரரின் மகன் ஒருவன், மீசை அரும்பாத முஸ்லிம் பெடியன், தனக்கு மீசை வைத்துவிடச்சொல்லி ஒரு மாதம் என் பின்னால் திரிந்தான். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வருகிற துறைமுகக் கிளார்க் ஒருவர், பூசைக்குப் போகிற சேர்ட்டோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவர், “தங்கச்சி, ஆளைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடுங்கோவன்,” என்று கெஞ்சினார். நான் மசியவில்லை. வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு மறுபடி வெள்ளை பூசுவதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? படத்தில் என்ன முகமோ அதே முகம்தான் படையிலும். அண்ணாவின் கண்வீக்கத்தைக்கூட நான் எடுத்துவிடவில்லை.

உடுப்பில்தான் என் திறமை எல்லாம் இறங்கியது. அதற்கு அண்ணா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்.

“பச்சை வேண்டாம். வரி வேண்டாம். புள்ளி வேண்டாம். உலகத்தில ஒரு ஆமியும் போடாத நிறமாப் பார்த்துப் போடு.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட துணியில் ஒரு தொப்பி இருந்தால்கூட எங்கள் ஆட்கள் வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். அண்ணா சொன்னதைக் கேட்டதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான் வந்தது. பச்சையை விட்டால் மிச்ச நிறமெல்லாம் என்னுடையது. காலி வீதியில் ஒரு சேலைக்கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைக்கு ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள், மாம்பழ மஞ்சளில் அகலக் கரை. நான் வகுப்பு முடிந்து வரும்போது பத்து நிமிடம் நின்று அதை மனப்பாடம் செய்தேன். அன்று பின்னேரமே எங்கள் படை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. தோளில் இருந்து இடுப்புவரை குறுக்கே மூன்று மஞ்சள் கரை, முழங்கையில் ஒன்று, தொப்பியைச் சுற்றி ஒன்று.

“அக்கா, சேலை கட்டிக்கொண்டா சண்டைக்குப் போறது?” என்றான் மீசைக்காரன். மீசை கேட்டவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

“விருப்பமில்லாட்டி முகத்தைக் கழட்டித் தாறன், கொண்டு போ,” என்றேன்.

உண்மையைச் சொன்னால், அந்த உடுப்பில் அவர்கள் எல்லோரும் அழகாக இருந்தார்கள். இருட்டான தெருக்களில், எரிந்த கட்டடங்களுக்கு நடுவில், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வரிசையாக நடந்து போவார்கள். விளையாட்டும் மாறிப்போனது. முந்தி, ஒருவன் செத்தால் சரிதான் என்று அடுத்தவனை அனுப்புவார்கள். இப்போது அடுத்தவன் பக்கத்துக் கதிரையில் இருந்தான். “டேய், என்னை ஏண்டா முன்னால விடுறாய்? நான் உனக்கு என்ன செய்தனான்?” என்று சண்டை வரும். ஒருவரும் ஒருவரைச் சாகவிடவில்லை. மஞ்சள் மயிர்க்காரர்களுக்குச் செய்யாத எவ்வளவோ ஜாக்கிரதையை இவர்களுக்குச் செய்தார்கள். அதை நான்தான் செய்துகாட்டினேன் என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இன்றைக்கும் இறங்கவில்லை.

அண்ணா ஒரு போட்டி வைக்க நினைத்தார். வாசலில் ஒட்டுவதற்குப் படையை முழுவதாக, பள்ளிக்கூட கிரிக்கெட் டீமைப் போல இரண்டு வரிசையில் நிற்கவைத்து ஒரு படம் செய்து தரச்சொன்னார். முன்வரிசை இருந்து, பின்வரிசை நின்று, கையில் ஆளுக்கொரு துவக்கு. அச்சடிக்கப் போனால் கலர் பிரின்டரில் மை காய்ந்துபோயிருந்தது. அண்ணா பொறுக்காமல் பாட நோட்ஸ் அடிக்கிற கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் ஒன்று அடித்தெடுத்துவிட்டார்.

நான் வந்து பார்த்துக் கத்தினேன். கத்தரிப்பூ நிறம் சாம்பலாகப் போயிருந்தது. மாம்பழ மஞ்சள் வெளிறி, சாம்பலுக்குக் குறுக்கே வரிவரியாகக் கிடந்தது.

“என்ர நிறமெல்லாம் எங்க? இதை எவன் பாப்பான்?” என்றேன்.

“மை வாங்கினாப் பிறகு நல்லதா ஒண்டு அடிப்பம். இது இப்பிடிக் கிடக்கட்டும்,” என்று அண்ணா அதை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். எங்கள் இருவருக்கும் அந்தத் தாள் நிறம் கெட்டுப்போன படம். வேறு எதுவாகவும் தெரியவில்லை. நிறத்தைத் தெரிந்தவர்களின் கண் அப்படித்தான் வேலை செய்யும்.

ரவுண்டப் வந்தது ஒரு விடியற்காலையில். ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துவிட்டு வீடு வீடாக ஏறினார்கள். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அம்மா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பா. எடுத்து நீட்டினோம், பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள். பிறகு கீழே கடையைத் திறக்கச் சொன்னார்கள். அண்ணா திறந்தார். ஆமிக்காரன் ஒருவன் மேசைக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி வாசலில் நின்ற பொலிஸ்காரர்களைக் கூப்பிட்டான்.

இயக்கத்துக்காரரைப் போல வரியுடுப்புப் போட்ட ஒரு டசின் இளம் ஆண்கள், கையில் துவக்கு, முகமெல்லாம் எங்கள் முகம். அவர்களுடைய கண்ணால் அப்போதுதான் அந்தத் தாளை நான் பார்த்தேன்.

அண்ணாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். கடையில் நாள் முழுக்கக் கதைக்கிற சிங்களம்தான். அன்றைக்கு அது வரவில்லை. “சேர், கேம் சேர், கேம்,” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கொம்பியூட்டர்களை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தாள் போதும். தாளையும் அண்ணாவையும் கொண்டுபோய்விட்டார்கள். செருப்புப் போடவும் விடவில்லை.

அன்றும் மறுநாளும் அம்மா சோற்றுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் நின்றா. உள்ளே இருந்து ஒரு கொன்ஸ்டபிள், கொஞ்சம் இரக்கமுள்ளவர், வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். படத்தில் இருக்கிறவர்களின் பெயரும் விலாசமும் வேண்டும் என்று கேட்கிறார்களாம். அண்ணா தன்னைத் தவிர ஒருவரின் பெயரையும் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை வரைக்கும் இங்கே வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அனுப்பினால் அதோடு எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார். அப்படி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தாய்மார் சிறைவாசல்களுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

கடைக்கு ஒருவரும் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தாளில் தன் முகமும் இருக்கிறது என்று தெரிந்தவன் எப்படி வருவான்? துறைமுகக் கிளார்க் கொட்டாஞ்சேனையை விட்டு அசையவில்லை. மீசைக்காரனை அவனுடைய வாப்பா கண்டிக்கு அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பாமன்கடைப் பெடியன் மட்டும் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். நடந்ததைக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருந்தான்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். கறுப்பு வெள்ளைத் தாளைப் பார்த்துப் பிடித்தவர்களுக்கு நிறத்தைக் காட்டவேண்டும். வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள். கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போய் அவர்களுடைய மேசையில் வைக்கவேண்டும்.

“அவனைக் குடுத்தது காணாது எண்டு, சாமானையும் கொண்டுபோய்க் குடுக்கப் போறியோ?” என்று அம்மா மறித்தா. “உன்னையும் பிடிச்சு வைச்சா நான் ஆரிட்டப் போறது பிள்ளை?”

“அம்மா, அதைச் செய்தது நான். அது என்ன எண்டு என்னைவிட வடிவாச் சொல்ல ஆளில்லை. விடுங்கோ.”

அம்மா விட்டா. அழுதுகொண்டுதான் விட்டா.

ஓட்டோவுக்குள் நான் மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் காலத்து மொனிட்டர், கால் இரண்டும் மரத்துவிட்டது. பாமன்கடைப் பெடியன் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். பொலிஸ் வாசலில் காவலுக்கு நின்றவன் மெஷினின் மூடியைக் கழற்றச்சொல்லி உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். பெடியனை வெளியில் கிடந்த மர வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். ஒரு கொன்ஸ்டபிள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெரியவரின் அறை. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், முன்னால் ஒரு குவியல் கோப்பு. நிமிராமலே என்ன என்று கேட்டார். நான் சிங்களத்தில், மூச்சுவிடாமல், மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். என் அண்ணா பின்னறையில் இருக்கிறார், அந்தப் படம் நான் செய்தது, அது விளையாட்டு, ஐந்து நிமிடம் தந்தால் காட்டுகிறேன். ஐந்து நிமிடத்தைத் தருவதா என்று அவர் யோசிக்கும்போதே கொன்ஸ்டபிள் மெஷினை மேசையில் வைத்துவிட்டார். எங்கள் பிளக் சதுரக்கால். அவர்களுடைய சுவரில் வட்டத்துளை. அடுத்த அறையில் கேத்தில் போடுகிற அடப்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார்கள். தேத்தண்ணி போடவந்தவரும் என்ன நடக்கிறதென்று பார்க்க அங்கேயே நின்றுவிட்டார்.

படை திரையில் வந்தது. கத்தரிப்பூ நிறம், மாம்பழக் கரை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது, பொலிஸ் மேசையில் இன்னும் பளிச்சென்று இருந்தது. கதவடியில் நின்ற கொன்ஸ்டபிள்மார் சிரித்தார்கள்.

“சாரி! சாரி உடுத்திருக்கிறான்கள்!” என்றார் ஒருவர்.

“இவர்கள் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள்?” என்று பெரியவர் கேட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு நகர்வு நகர்த்தினேன். கட்டடத்துக்குப் பின்னால் இருந்து பெரிய தலைப் பிராணி ஒன்று எட்டிப் பார்த்தது. சாம்பல் தோல், குச்சிக் கை. கொன்ஸ்டபிள்மார் இன்னும் கிட்ட வந்தார்கள். தேத்தண்ணிக்காரர் “அடோ, சுடு சுடு,” என்றார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“துவ,” என்றார். மகளே என்று கூப்பிடுகிற சொல்தான், ஆனால் அன்பாகச் சொல்லவில்லை. “உடுப்பு எந்த நிறமும் இருக்கட்டும். எதிரி எந்தப் பேயாகவும் இருக்கட்டும். எனக்கு வேண்டியது இந்த ஆட்கள். ஒரு தமிழன் கடையில், ஒரு டசின் தமிழ்ப் பெடியன்கள், துவக்கோடு. அதற்கு என்ன சொல்கிறாய்?”

“எல்லோரும் தமிழ் இல்லை சேர். எங்கள் கடைக்கு எல்லோரும் வருவார்கள். முஸ்லிம் ஆட்கள் இருக்கிறார்கள். சிங்களவரும் இருக்கிறார்.”

“எது?”

சொல்லியிருக்கவேண்டும். விரலை நீட்டி, இவன்தான், வெளியில் வாங்கில் இருக்கிறான், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாக அம்மா வாசலில் நின்றது, அண்ணாவை வெறுங்காலோடு இழுத்துக்கொண்டு போனது, ஒரு டசின் தமிழ்ப் பெடியன்கள் என்று இவர் எண்ணி முடித்தது எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறக்கவைத்தது.

“சேர்தானே ஒவ்வொரு நாளும் ரோட்டில் முகம் பார்த்து ஆட்களை மறிக்கிறீர்கள்,” என்றேன். “சேரே கண்டுபிடியுங்கள்.”

கொன்ஸ்டபிள் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார், வாயைப் பொத்து என்று. ஆனாலும் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். தன் தொழிலில் தனக்கு நம்பிக்கை உள்ள மனிதர் என்று அவருடைய முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போனார். நான் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டினேன். துறைமுகக் கிளார்க்கைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார். மீசைக்காரனைப் பார்த்தார், தள்ளச் சொன்னார். பாமன்கடைப் பெடியன், ரையும் பவுடருமாக எடுத்த அதே முகம், அதைப் பார்த்து, “இவன் யாழ்ப்பாணம்,” என்று அடித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த முகத்தில் அவருடைய விரல் நின்றது.

“மே அப்பே கொல்லெக்,” என்றார். இது எங்கள் பெடியன். “பார்த்தாலே தெரிகிறது. மாத்தறைப் பக்கம். அந்தக் கண்ணைப் பார், அது தெற்குக் கண்.”

வீங்கின கண். நான் எடுத்துவிடாத கண்.

“சேர்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். “சேர், அதுதான் என் அண்ணா. உங்கள் பின்னறையில் இருக்கிறவர்.”

தேத்தண்ணிக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல வெளியே போனார். பெரியவர் என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என்னையும் பின்னறையில் போடப்போகிறார். அவர் விரலைத் திரையில் இருந்து எடுத்தார். கொண்டுவா என்று ஒரு சொல் சொன்னார்.

அண்ணாவைக் கொண்டுவந்தார்கள். அதே சாரம், அதே சேர்ட், வெறுங்கால். மூன்று நாள் சவரம் செய்யாத முகம். என்னையும் மேசையில் இருந்த கொம்பியூட்டரையும் கண்டு, என்ன நடக்கிறது என்று விளங்காமல் நின்றார். பெரியவர் திரையைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புதிதாக வந்த ஒருவரைப் பார்க்கிறதைப் போல இருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

பிறகு எல்லாம் சட்டுச் சட்டென்று நடந்தது. சிங்களப் பெடியன் எது என்று கேட்டார், காட்டினேன். வெளியில் இருந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் தன் வீடு, தகப்பனின் வேலை, தன் கம்பஸ் எல்லாம் சொல்லி, அய்யேயின் கடையில்தான் நான் பின்னேரங்களில் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டான். பெரியவர் அந்தக் கறுப்பு வெள்ளைத் தாளை நான்காகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். இனிமேல் துவக்கோடு ஒருவரின் முகத்தையும் அச்சடிக்கக்கூடாது என்றார். ஓம் சேர் என்றேன். அச்சடிக்கிறதைப் பற்றி மட்டும்தான் அவர் சொன்னார், நானும் அதற்கு மட்டும்தான் ஓம் சொன்னேன். மெஷினை நிறுத்தும்போது கடைசியாக ஒருதரம் கத்தரிப்பூ நிறம் அந்த அறைச் சுவரில் விழுந்து போனது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஓட்டோ பிடித்து மூன்று பேரும் நெருக்கியடித்து ஏறினோம். நடுவில் அண்ணா, அவருடைய மடியில் மெஷின், என் மடியில் மொனிட்டர். அண்ணாவில் மூன்று நாள் வியர்வை மணத்தது. அவருடைய தோளில் சாய்ந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, மொனிட்டர் விடவில்லை. காலி வீதிக்கு ஏறியதும் அண்ணா முதல்தரம் வாய் திறந்தார்.

“என்னெண்டு விட்டவங்கள்?”

நான் சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பயமெல்லாம் போய், தலைக்கனம் பழையபடி ஏறியிருந்தது. பெரியவர் கண்ணாடி துடைத்தது, கிளார்க்கைத் தள்ளியது, பாமன்கடையை யாழ்ப்பாணமாக்கியது எல்லாவற்றையும் அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினேன். பாமன்கடைப் பெடியனுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும், ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். தெற்குக் கண் என்ற இடத்துக்கு வந்ததும் நான் விரலை நீட்டி அண்ணாவின் முகத்துக்கு நேரே பிடித்து, “மே அப்பே கொல்லெக்,” என்றேன்.

அண்ணா சிரிக்கவில்லை.

“கண்ணாடி போட்ட பெரியவரோ?” என்று கேட்டார்.

“ஓம், அவர்தான்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம் அண்ணா, அவர்தான். ஏன்?”

அண்ணா மெஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தார்.

“மூண்டு நாளும் என்னைத் தனக்கு முன்னால கதிரையில இருத்தி வைச்சு விசாரிச்சது அவர்தான்,” என்றார். “ஒருக்காக்கூட நிமிர்ந்து பாக்கேல்லை.”